சாதி நாயும் மிச்சக் குட்டியும்

பத்திரிகை விளம்பரங்களில் அடிக்கடி ஒரு வரி வரும்: 'உயர்சாதி நாய்க்குட்டிகள் விற்பனைக்கு.' படிக்கிற யாரும் திடுக்கிடுவதில்லை. 'சாதி நாய்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். தெருவில் திரிகிற நாய்க்குச் சாதி கிடையாது. சாதி இருக்கிற நாய்க்கு விலை உண்டு, சங்கிலி உண்டு, சான்றிதழ் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு சொல். யாருக்கும் சொந்தமில்லாத நம் நாட்டு நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'பறையா டாக்'. ஆங்கிலத்தில் 'பறையா' என்றால் ஒதுக்கப்பட்டவன், தள்ளி வைக்கப்பட்டவன். அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று எந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் தெரியும். எங்கள் சாதியின் பெயரிலிருந்து போனது.

ஆக, ஒரு பக்கம் சாதி நாய். மறுபக்கம் பறை நாய். நாய்க்கு இது எதுவும் தெரியாது. மனிதன் தன் மண்டைக்குள் இருப்பதை நாயின் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறான். ஏற்றி வைத்த பிறகு, 'பார், இயற்கையிலேயே சாதி இருக்கிறது' என்று அந்த நாயையே சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன். ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "நாய்லயே பாருங்க சார், ஜாதி நாய் ஜாதி நாய்தான். ரத்தம் பேசும். கலந்துட்டா குணம் போயிடும். மனுஷனுக்கு மட்டும் அது பொருந்தாதா என்ன?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இம்மாதிரி விஷயங்களை எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவருக்கு அன்று ஐந்து நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவர் கூப்பிட்ட சாட்சியையே குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு தலித் நாயைப் பற்றி எழுதும்போது அது வெறும் உவமையாக இருக்க முடியாது. மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களை ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்கிறது. அவர்களுக்குச் சொத்தாக நாயையும் கழுதையையும் ஒதுக்குகிறது. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது, அந்தக் குளத்தில் ஆடுமாடும் நாயும் நீர் குடிக்கத் தடை இருக்கவில்லை. எங்களுக்குத்தான் தடை. நாயோடு சேர்த்தும் வைத்தார்கள். நாய்க்குக் கீழேயும் வைத்தார்கள்.

எங்கள் ஊரில் சேரிக்காரன் கடுவன் நாய் வளர்க்கக் கூடாது. பெட்டை வளர்க்கலாம். எங்கள் கடுவன் ஊர்த்தெருவுக்குப் போய் அவர்கள் வீட்டுப் பெட்டையோடு சேர்ந்துவிடுமாம், அதுதான் காரணம். எட்டு வயதில் நான் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அப்பத்தா அதன் முகத்தைப் பார்க்கவில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தாள். "ஏய்யா, கடுவனாவுல்ல இருக்கு. எடுத்த எடத்துலயே கொண்டு போயி விட்டுரு. நாளைக்கி ஒங்கப்பனக் கூப்புட்டு மந்தையில நிறுத்துவாய்ங்க. நாய்க்கின்னு தெண்டம் கட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றாள். இது எங்கள் ஊரின் தனிக் கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தமிழகத்தில் தீண்டாமையின் வடிவங்களைப் பட்டியல் போட்டவர்கள் இந்தத் தடையையும் பதிவு செய்திருக்கிறார்கள். 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி என்கிற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொன்றதைப் பார்த்துப் பலர் அதைக் குறியீடு என்று எழுதினார்கள். எங்களுக்கு அது குறியீடாகப் படவில்லை. தெரிந்த சங்கதியாகப் பட்டது.

ஊர்த்தெரு நாயும் தெரு நாய்தான். அதற்கும் சான்றிதழ் கிடையாது. பார்த்தால் எங்கள் தெரு நாய்க்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இருந்தும் அதன் வயிற்றைக் காவல் காத்தார்கள். பெட்டை நாயின் வயிற்றையே இப்படிக் காவல் காக்கிறவன் தன் வீட்டுப் பெண்ணை என்ன பாடு படுத்துவான் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இனி, உண்மையிலேயே சான்றிதழ் உள்ள ஒரு சாதி நாயிடம் போவோம்.

மெண்டலின் விதிகளை நடத்தி முடித்த பிறகு வகுப்பில் கொல்லி ஜீன்களுக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லும் உதாரணம் மஞ்சள் எலி. 1905இல் குவேனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி எடுத்துக் காட்டியது. நான் அதோடு 'சைனீஸ் கிரெஸ்டட்' என்ற நாயையும் சேர்த்துச் சொல்வேன். ஓரடி உயரம், சுமார் ஐந்து கிலோ எடை. மடியில் வைத்துக் கொஞ்சுகிற ரகம். உடம்பில் முடி கிடையாது. தலையில் மட்டும் ஒரு கொண்டை, நாலு காலிலும் காலுறை மாட்டியதுபோல் கொஞ்சம், வாலில் ஒரு குஞ்சம். மற்றபடி வெறுந்தோல். ரோஜா நிறத்தில் இருக்கும், சாம்பலில் இருக்கும், கருப்பில் இருக்கும், திட்டுத் திட்டாகவும் இருக்கும். வெயிலில் விட்டால் தோல் வெந்துபோகும். பல்லும் குறைவாக முளைக்கும். மான் போல ஒல்லியான எலும்பில் சில, கட்டுமஸ்தாகச் சில. பெயரில் சீனம் இருந்தாலும் சீனாவில் தோன்றியதற்கு உறுதியான சான்று இல்லை. ஐரோப்பியர் கப்பலில் போய் இறங்குவதற்கு முன்பே மெக்சிகோவிலும் பெருவிலும் முடியில்லாத நாய்கள் இருந்தன. அவற்றின் ஜீனில் உள்ள அதே மாற்றம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே சாதி நாயின் கதை ஆட்டம் காண்கிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். முடியில்லாத இரண்டை இணை சேர்த்தால் அதே ஈத்தில் முடியுள்ள குட்டியும் பிறக்கும். தலை முதல் வால் வரை பட்டு மாதிரி நீள முடி. அதற்குப் 'பவுடர்பஃப்' என்று பெயர். முகத்தில் பவுடர் ஒற்றுகிற பஞ்சு என்று அர்த்தம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈத்து, இரண்டு உருவம்.

ஏன் இப்படி? 2008இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காரணத்தைச் சொன்னது. ஃபாக்ஸ்-ஐ-3 என்கிற ஜீனில் ஏழு எழுத்துகள் இரண்டு முறை வந்துவிட்டன. அவ்வளவுதான். இந்த மாறிய ஜீன் ஒரு பிரதி வந்தாலே முடி போய்விடும். ஆகவே இது ஓங்கு பண்பு. ஆனால் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். எனவே உயிரோடு நடமாடுகிற ஒவ்வொரு முடியில்லாத நாயிடமும் அந்த ஜீன் ஒரு பிரதிதான் இருக்கிறது. அடுத்த பிரதி முடி தருகிற பிரதி. அது மறைந்து கிடக்கிறது. பாடப்புத்தக மொழியில் இதற்கு வேற்றுக் கருநிலை என்று பெயர். ஊர் மொழியில் கலப்பு.

கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தால் இப்படி வரும். முடியில்லாததையும் முடியில்லாததையும் சேர்த்தால் நாலில் ஒன்று வயிற்றிலேயே போய்விடும், இரண்டு முடியில்லாமல் பிறக்கும், ஒன்று பவுடர்பஃப். முடியில்லாததையும் பவுடர்பஃப்பையும் சேர்த்தால் பாதிக்குப் பாதி. இந்த ஜீனால் சாகிற குட்டி ஒன்றுமில்லை. அதாவது, எந்த உருவத்துக்காக அந்தச் சாதியே புகழ் பெற்றதோ, அந்த உருவத்தைத் தனக்குத் தானே பெருக்கிக்கொள்ள அதனால் முடியாது.

ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப சுத்தமான முடியில்லாத நாய்னு ஒண்ணு கெடையவே கெடையாதா சார்?"

"வயித்துக்குள்ள உண்டாகும்மா. பொறக்காது" என்றேன்.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

ஓங்கு, ஒடுங்கு என்ற பாடப்புத்தகச் சொற்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஓங்கு என்றவுடன் உயர்ந்தது, வலுவானது என்றும், ஒடுங்கு என்றவுடன் தாழ்ந்தது, நோஞ்சான் என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது பிள்ளைகளின் குற்றமில்லை. நாம் வாழ்கிற சமூகத்தில் அந்தச் சொற்களுக்கு அந்தப் பொருள்தான். மரபியலில் ஓங்கு என்றால் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிகிறது என்று மட்டும்தான் பொருள். சைனீஸ் கிரெஸ்டட்டில் ஓங்கிய பண்புதான் பல்லைக் குறைக்கிறது, தோலைப் புண்ணாக்குகிறது. ஒடுங்கிய பண்போடு பிறந்த பவுடர்பஃப்புக்கு வாய் நிறையப் பல் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முடியில்லாதது என்று சொல்லப்படுகிற நாய்களிலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வழுக்கை கிடையாது. சிலவற்றுக்கு உடம்பில் ஆங்காங்கே நிறையவே முடி வரும். கண்காட்சிக்கு முன்பு அதைச் சவரம் செய்து கூட்டிப் போகிறார்கள். இயற்கை கொடுத்த இலட்சணம் போதாதபோது சவரக்கத்தி கொடுக்கிறது. கலிஃபோர்னியாவின் பெட்டலூமா நகரில் அப்போது நடந்துவந்த 'உலகின் அவலட்சணமான நாய்' போட்டியில் 2003, 2004, 2005 மூன்று வருடமும் தொடர்ந்து பரிசு வாங்கியது சாம் என்கிற சைனீஸ் கிரெஸ்டட். அழகுப் போட்டியில் பரிசு வாங்குகிற சாதியும் இதே சாதிதான்.

தோற்றத்தை வைத்துச் சாதி சொல்ல முடியாது என்பது நம் ஊருக்கும் தெரியும். 'கறுத்த பார்ப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே' என்று பழமொழி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழமொழியை உற்றுப் பாருங்கள். பார்ப்பானில் கறுப்பு உண்டு, பறையனில் வெளுப்பு உண்டு என்ற உண்மையை அது ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டவுடன், நம் கட்டம் தப்பு என்று சொல்ல வேண்டியதுதானே நியாயம்? அப்படிச் சொல்லவில்லை. கட்டத்துக்குள் அடங்காத மனிதனைச் சந்தேகி என்கிறது. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இந்த இடத்தில்தான் கைவைத்தார். பஞ்சாப் பிராமணருக்கும் மதராஸ் பிராமணருக்கும் இனரீதியாக என்ன ஒட்டுறவு என்று கேட்டார். மதராஸ் பிராமணரும் மதராஸ் பறையரும் ஒரே இனம்தான் என்றார். சாதி இனத்தூய்மையைக் காக்க வந்த ஏற்பாடு என்கிற வாதத்தை அன்றே உடைத்துப் போட்டார்.

உடலில் இல்லாத தூய்மை அப்படியானால் எங்கே இருக்கிறது? நாயைப் பொறுத்தவரை பதில் சுலபம். பதிவேட்டில் இருக்கிறது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. நாய்களுக்கு வம்சாவளிப் பதிவேடு வந்தது. ஒவ்வொரு சாதிக்கும் ஓர் இலட்சணப் பட்டியல் வந்தது. பதிவேட்டில் உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தால்தான் அந்தச் சாதி என்று கதவை மூடினார்கள். கதவை மூடிய பிறகும் உள்ளேயே பட்டியலுக்கு ஒத்துவராத குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. அவற்றை என்ன செய்வது?

தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த ரிட்ஜ்பேக் நாய்க்கு முதுகெலும்பு நெடுக முடி எதிர்த்திசையில் படிந்து ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் சாதி அடையாளம். வரி இல்லாமலும் சில குட்டிகள் பிறக்கும். அப்படிப் பிறந்தால் கொன்றுவிட வேண்டும் என்று பிரிட்டனில் அந்த நாய்க்கான சங்கத்தின் நெறிமுறையிலேயே இருந்ததை 2008இல் பிபிசி ஆவணப்படம் ஒன்று வெளியே கொண்டுவந்தது. கொடுமை என்னவென்றால், அந்த வரியோடு சேர்ந்து வருகிற ஒரு பிறவி நோய் இருக்கிறது. முதுகுத் தோலிலிருந்து உள்ளே குழாய்போல் துளை விழும். வரி இல்லாத குட்டிக்கு அந்த நோய்க்கான ஆபத்து இல்லை. ஆரோக்கியமாகப் பிறந்ததைக் கொன்று, நோய்க்கு வாய்ப்புள்ளதை வளர்த்திருக்கிறார்கள். நம் பக்கத்து ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டு இந்தியா பெருமைப்பட்டது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த வெள்ளை எப்படிக் காப்பாற்றப்பட்டது? நிறமாகப் பிறந்த குட்டிகளைப் பிறந்த கையோடு கழித்துக்கட்டித்தான். வெள்ளைக்காக வளர்த்த இந்த நாய்களில் காது கேளாமல் பிறப்பவையும் உண்டு.

ஆக, தூய்மை என்பது ரத்தத்தில் தானாக ஓடுகிற வஸ்து அல்ல. ஒவ்வொரு ஈத்திலும் யாராவது குனிந்து பார்த்து, எது இருக்கலாம், எது கூடாது என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை ஒரு தலைமுறை ஓய்வெடுத்தால் தூய்மை போய்விடும்.

இந்த 'மிச்ச'த்தைப் பற்றி முதன்முதலில் யோசித்தவர் நாய் வளர்ப்பவர் யாருமல்ல. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் சாதியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம் என்றார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணந்துகொள்வது என்று கதவைச் சாத்தினால், ஆண் பெண் எண்ணிக்கையைச் சமமாக வைத்தாக வேண்டும். கணவன் செத்தால் மனைவி மிச்சமாகிறாள். மனைவி செத்தால் கணவன் மிச்சமாகிறான். மிச்சப் பெண் வெளியே மணம் செய்தால் கதவு உடையும். அதனால் அவளை எரித்தார்கள், இல்லையென்றால் தாலியறுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். மிச்ச ஆணுக்குச் சிறுமியைக் கட்டி வைத்தார்கள். உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் என்று தனித்தனிக் கொடுமைகளாக நாம் படித்தவை எல்லாம், மூடிய கதவைக் காப்பாற்றச் செய்த ஒரே வேலையின் பகுதிகள் என்று அவர் காட்டினார்.

என் சக ஆசிரியர் சொன்ன 'ரத்தம் பேசும்' என்கிற வாக்கியத்துக்கு இதுதான் பதில். ரத்தம் பேசுவதில்லை. பேசாத ரத்தத்துக்காக ஆட்கள் பேசுகிறார்கள், வெட்டுகிறார்கள். தூய்மைக்காரன் அடிப்பது எங்களை மட்டும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். 2003இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். முருகேசன் தலித். கண்ணகி தலித் அல்ல. அவளைக் கொன்றவர்களில் பெற்ற தகப்பனும் உடன்பிறந்த அண்ணனும் இருந்தார்கள் என்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு ஆண்டு கழித்து. பட்டியலுக்கு ஒத்துவராத குட்டியைத் தூக்கி எறிகிற கைதான் அதுவும். வெளியே நிற்கிறவனைக் கொல்வதற்கு அது தயங்குவதில்லை. உள்ளே பிறந்த சொந்த மகளைக் கொல்லவும் தயங்குவதில்லை.

இதைப் படிக்கிற முற்போக்கு நண்பர் ஒருவர் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டு ஒன்று சொல்லக்கூடும்: 'இப்போது அறிவியல் வந்துவிட்டது. பவுடர்பஃப் இல்லாமல் அந்தச் சாதியே நிற்காது என்று தெரிந்துவிட்டது. 1991இல் அமெரிக்கன் கென்னல் கிளப் சைனீஸ் கிரெஸ்டட்டைச் சேர்த்துக்கொண்டபோது இரண்டு உருவத்தையும் சேர்த்தே அங்கீகரித்தது. எல்லாம் மாறும்.' மாறியது நல்லதுதான், மறுக்கவில்லை. ஒரு குட்டி பிழைத்தால் அது குட்டிக்கு லாபம்.

ஆனால் 'நீ இல்லாமல் நாங்கள் இல்லை' என்கிற இந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. ஊர் எப்போதும் சேரியிடம் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறது. சாவுக்குப் பறையடிக்க ஆள் வேண்டும், செத்த மாட்டைத் தூக்க ஆள் வேண்டும், நாற்று நட ஆள் வேண்டும், மலம் அள்ள ஆள் வேண்டும். சேரி இல்லாமல் ஊர் ஒருநாள் தாக்குப்பிடிக்காது என்பது ஊருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால் மதித்தார்களா? தேவைப்படுகிறவன் ஓடிப்போகாமல் கட்டிப் போட்டார்கள். பவுடர்பஃப்பை 'இனவிருத்திக்கு உதவும்' என்று வைத்துக்கொள்வதும் இந்த ரகம்தான். உதவாத அன்றைக்கு அதன் கதி என்ன?

அறிவியலைக் கொண்டு சாதியை மறுக்கிற வாதத்திலும் எனக்கு இந்தப் பயம் இருக்கிறது. சிறு கூட்டமாகத் தொடங்கித் தமக்குள்ளேயே மணந்து வந்த குழுக்கள் இந்தியாவில் ஏராளம் என்றும், அவற்றில் ஒடுங்கு நோய்கள் கூடும் வாய்ப்பு உண்டென்றும் 2017இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வகுப்பில் இதைச் சொல்லத்தான் செய்கிறேன். சொல்லும்போதே நினைத்துக்கொள்வேன்: ஒருவேளை அகமணத்தால் ஒரு நோயும் வராது, குழந்தைகள் எல்லாம் கொழுகொழுவென்று பிறக்கும் என்று நாளைக்கு ஓர் ஆய்வு வந்தால்? அப்போது கண்ணகியைக் கொன்றது சரியாகிவிடுமா? எங்கள் அப்பத்தா கடுவன் குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்தது சரியாகிவிடுமா? ஜீனில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிவியல் சொல்லலாம். யார் வாழலாம் என்று சொல்கிற வேலை அதற்குக் கிடையாது. அந்த வேலையை அதனிடம் கொடுத்தால், இன்று நமக்குச் சாதகமாகச் சொன்ன அதே வாய் நாளை வேறு விதமாகவும் சொல்லும். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியில் 'இனத் தூய்மை'யை அறிவியல் என்று பாடம் நடத்திய பேராசிரியர்கள் இருந்தார்கள்.

எனவே சைனீஸ் கிரெஸ்டட்டிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். தூய்மை என்று ஒருவன் சொன்னால், ரத்தத்தைப் பற்றி அவனோடு வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உன் பதிவேட்டை யார் எழுதினார், கதவை யார் சாத்தினார், ஒவ்வொரு ஈத்திலும் எத்தனை குட்டியைத் தூக்கி எறிந்தாய் என்று கேட்க வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டச் சொல்ல வேண்டும். முடியுள்ள அந்தக் குட்டி அதே தாயின் மடியில் அதே பாலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. எதற்கு உதவும் என்று கேட்டு அது பிறக்கவில்லை. பிறந்திருக்கிறது. இருப்பதற்கு அந்தக் காரணம் போதாதா?